வாயில் வந்தால் தீட்டில்லை

“நல்லாத் தொறங்கம்மா. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே வச்சுக்கோங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்” என்றார் பல் டாக்டர் எஸ்தர். செண்பகவல்லி வாயைத் திறந்தாள். திறந்த பிறகுதான், இனிமேல் தன்னால் பேச முடியாது, பேசுகிற வேலையெல்லாம் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் போய்விட்டது என்பது உறைத்தது. விளக்கு முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவளுக்கு முதல் பயம் பல்லைப் பற்றி வரவில்லை, மோவாயைப் பற்றி வந்தது. காலையில் கரண்ட் போன நேரத்தில் அவசரமாக எடுத்தது. அடியில் ஒன்றிரண்டு முடி தப்பியிருக்கும். இந்த வெளிச்சத்தில் எறும்பின் கால்கூடத் தெரியும். கோவில்பட்டியில் பாதிப் பெண்களுக்குப் புருவமும் மீசையும் நூல் போட்டு எடுத்துவிடுகிற பார்லர்காரிக்கே தாடி இருக்கிறது என்று இந்த டாக்டர் இந்நேரம் பார்த்திருப்பார். பார்க்கட்டும், எனக்கென்ன. எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டே மோவாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். கொரோனா வந்து ஊரே நடுங்கிக் கிடந்தபோது அவள் மட்டும் வெளியே சொல்ல முடியாத நிம்மதியில் இருந்தாள். வாயையும் மோவாயையும் மூடிக்கொள்ளச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டிருந்தது. கடை மூடிக் கிடந்தது, வருமானம் இல்லை, ஆனாலும் அந்த மாதங்களில் அவள் கண்ணாடிக்குப் பயப்படவில்லை. இப்போது இந்த அறையில் டாக்டர் மாஸ்க் போட்டிருக்கிறார், எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் மாஸ்க் போட்டிருக்கிறாள், அம்மாகூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். திறந்து கிடப்பது இவள் ஒருத்திதான்.

டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் அடியிலும் விட்டு ஆழம் பார்த்துக்கொண்டே வந்தார். கம்பி போன இடமெல்லாம் உப்புச் சுவை. மேல் வரிசையில் இடது பக்கம், முன்பல்லுக்கு அடுத்த பல்லைத் தொட்டதும் அவர் கை நின்றுவிட்டது. அந்தப் பல்தான். தூங்கும்போதுகூட நாக்கு போய்ப் போய் அசைத்துப் பார்க்கிற பல். “இந்த வயசுக்கு ஈறு இவ்வளவு இறங்கக் கூடாதேம்மா. வெத்தலை பாக்கு உண்டா? சுகர் இருக்கா? பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?” செண்பகத்தின் தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் புறப்பட்டது. அது வாய்க்கு வருவதற்குள் மூலையிலிருந்து அம்மா, “வெத்தலை, சுகர் ஒண்ணும் கிடையாது. மாசாமாசம் மணி அடிச்ச மாதிரி வந்திரும் டாக்டரம்மா. ஒரு நாள் முன்னப்பின்ன ஆகாது” என்றாள். மணி அடித்த மாதிரி! ஐந்து மாதமாக அடிக்காத மணி. போன வருஷம் அடிக்க ஆரம்பித்து இருபது நாள் ஓயாத மணி. அம்மா சொர்ணத்தாய் லேசில் பொய் சொல்கிறவள் இல்லை. பால்காரன் தண்ணீர் கலந்ததற்குத் தானே வெட்கப்படுகிறவள். ஆனால் அவளுக்கு ஒரு வியாதி உண்டு: பக்கத்தில் ஒரு மனுசி உட்கார்ந்துவிட்டால் எந்த ஊர், யார் மகள், யாருக்கு வாக்கப்பட்டவள் என்று வேர் வரைக்கும் தோண்டாமல் விடமாட்டாள். சற்று முன்பு வெளியே காத்திருந்தபோது இந்தக் குழாய்க்காரப் பெண்ணிடமும் தோண்டினாள். பெயர் மாரிச்செல்வி, ஊர் சாத்தூர், அக்காளைக் கட்டிக் கொடுத்தது அதே ஊரில் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் வீட்டில் மூத்தவருக்கு. அந்த வீட்டில் இளையவருக்குத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அம்மா அதோடு வாயை மூடியவள், இப்போது மணி அடிக்கத்தான் திறந்தாள்.

எந்திரம் கிர்ரென்று இரைந்தது, குளிர்ந்த தண்ணீர் தெறித்தது, டாக்டர் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். சத்தம் காது வழியாக வராமல் மண்டையோட்டு வழியாக வந்தது. அந்தச் சத்தத்துக்குள் ‘மணி அடிச்ச மாதிரி, மணி அடிச்ச மாதிரி’ என்று அம்மா குரல் சுற்றிக்கொண்டே இருந்தது. எந்த மணி அம்மா, நீ அடிக்கிற மணியா? ஆமாம், அவள் அடிக்கிற மணிதான். நாலு வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டு அக்கா தண்ணீர்க் குழாயடியில் வைத்து, “ஏன் மதினி, ஒங்க மக வீட்டுக்குத் தூரமே ஆகுறதில்லையா? எப்பப் பாத்தாலும் தலையில பூவோடதான் திரியுறா” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டது விளையாட்டாகத்தான். அம்மா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பூக்காரியிடம் வாங்கிய பூவை நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, “ஏட்டி, இன்னைக்குப் பூ வைக்காத. சாமி ரூம் பக்கம் வராத. மூணு நாளைக்குப் பாய் தலகாணி தனியா எடுத்துக்கோ” என்றாள். எனக்கு ஒன்றும் வரவில்லையே அம்மா என்றதற்கு, “வரலைன்னு ஊருக்குத் தெரியணுமா?” என்று ஒரு வார்த்தை. அதிலிருந்து மாதாமாதம், வராத ரத்தத்துக்காக மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தாள். காளியம்மன் கோயில் வெள்ளிக்கிழமை விளக்குக்கு அம்மா மட்டும் போய், கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும், “அவ தூரம்” என்று சொல்லிவிட்டு வருவாள். ஊர்ப் பெண்களெல்லாம் வந்தால் உட்காருவார்கள். இவள் வராமல் உட்கார்ந்தாள். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழ? ஒரு பங்குனியில் பொய்த் தூரம் முடிந்த மறுநாளே, பொங்கல் வைக்கிற அன்றைக்கு, நிஜமானது வந்துவிட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நேற்றுத்தான் தூரம் முடிந்தது என்று தெருவுக்கே சொல்லியாயிற்று. “ஒண்ணும் சொல்லாத. வந்து பானையை வையி. ஆத்தா எல்லாம் தெரிஞ்சவ, பொறுத்துக்கிடுவா” என்றாள். அடிவயிற்றை இறுக்கிக்கொண்டு, வெயிலில் வரிசையில் நின்று பொங்கல் வைத்தாள். அந்த வருஷம் தெருவில் முதலில் பொங்கியது அவர்கள் வீட்டுப் பானைதான். சாமி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது குழாய் உறிஞ்சுகிறது, கண்ணாடிக் குடுவையில் இளஞ்சிவப்பாக இறங்குகிறது. ரெண்டு வருஷமாகத் தினமும் வாயில் ரத்தம். கொய்யாப்பழம் கடித்தால் ரத்தம், வாய் கொப்பளித்தால் ரத்தம், விடிந்தால் தலையணையில் ரத்தம். அந்த வாயோடு விளக்கு ஏற்றினாள், அந்த வாயோடு பிரசாதம் வாங்கித் தின்றாள். ஒதுங்கி உட்கார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. வாயில் வந்தால் தீட்டில்லை. அப்படியென்றால் ரத்தத்தின் மேல் இவர்களுக்கு என்ன கோபம், அது வருகிற இடத்தின் மேல்தான் கோபம். இதை நினைத்ததும் படுத்திருந்தபடியே அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அசையாதீங்கம்மா” என்றார் டாக்டர்.

அசையவில்லை. அசைவது பல்தான். அது எப்போது அசைய ஆரம்பித்தது என்று யோசித்தால் நூலில் போய் முட்டும். நூல் போடுகிறவளுக்குக் கை ரெண்டு போதாது, மூன்றாவது கை பல்தான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மற்றதை விரல்களில் மாட்டி, தலையை இழுத்து இழுத்து விடவேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வரிசை முடி வேரோடு வரும். கல்யாண மாதங்களில் காலையில் கடித்த நூலை இருட்டும்வரை விடமாட்டாள். வலது பக்கம் வலித்தபோது இடது பக்கம் மாற்றிக் கடித்தாள். புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டாள். நல்லாயிருந்த பல்லையும் கெடுக்கிற புத்தி. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்றதும் அம்மா, “பெறகு எதுக்குப் போட்டுத் தேய்க்க? புண்ணு ஆறட்டும், விடு” என்றாள். இவளும் பிரஷ்ஷை விட்டாள். உப்பைத் தொட்டு விரலால் தடவிக்கொண்டு, ரத்தம் குறைகிறது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். நடுவில் ரெண்டு தடவை வேறு ஒரு இடத்தில் போய்ச் சுத்தம் செய்தும் ஆயிற்று. மூன்று மாதம் நன்றாக இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. போன மாதம் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் எடுக்கும்போதுதான் அது நடந்தது. வெள்ளை நூல் சிவப்பாகிக்கொண்டே வந்தது. பெண்ணின் நெற்றியில் ஒரு பொட்டு விழுந்தது, சரியாகக் குங்குமம் வைக்கிற இடத்தில். கூட வந்த பெரியம்மா, “என்ன இது, பிள்ளைய வெட்டிப்பிட்டியா?” என்று கத்தினாள். வெட்டவில்லை, என் ரத்தம்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நூலில் சாயம் போகிறது என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். அவர்கள் பாதிப் புருவத்தோடு எழுந்து வேறு பார்லருக்குப் போனார்கள். பாதிப் புருவம்! ஒரு பெண்ணைப் பாதிப் புருவத்தோடு தெருவில் அனுப்பிய பார்லர்காரி இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அன்றைக்குக் கடைக் கதவை அடைத்துவிட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, அழுத முகத்தில் மோவாய் முடி நன்றாகத் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதையும் எடுத்தாள்.

தாடி என்ன அவளுக்கு மட்டுமா இருக்கிறது. அந்தச் சுழல் நாற்காலியில் வந்து சாய்கிறவர்களின் மோவாய் அவளுக்கு மனப்பாடம். “புருவம் மட்டும்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, திரையை இழுத்து மூடியதும், “அப்படியே இங்கயும் கொஞ்சம்” என்று மெதுவாக விரல் வைப்பார்கள். பேங்க்கில் வேலை பார்க்கிற அம்மா, டியூஷன் டீச்சர், காலேஜ் படிக்கிற பிள்ளைகள். ஒருத்திக்கும் மற்றவளுக்கு இருப்பது தெரியாது. ஊரே ஒரு திரைக்குப் பின்னால் வந்து ஒவ்வொருத்தியாக ஒளிந்துவிட்டுப் போகிறது. எல்லாரும் சொல்லுகிற காரணம் ஒன்றுதான்: உடம்புச் சூடு. அம்மாவுக்கும் அதேதான். மாதம் தள்ளினால் சூடு, முகத்தில் பரு வந்தால் சூடு, ஈறு வீங்கினால் சூடு, வரன் தட்டிப்போனால் மட்டும் செவ்வாய். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள், எண்ணெய் தேய்த்து விட்டாள், கஸ்தூரி மஞ்சளைக் குழைத்து மோவாயில் பூசி விட்டாள். ஸ்கேன் எடுக்கப் போகலாம் என்று சொன்னதற்கு, “கல்யாணம் ஆகாத பிள்ளைய அந்த ஆஸ்பத்திரி வாசல்ல யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?” என்றாள். மதுரைக்குப் போய்த் தனியாக எடுத்துக்கொண்டு வந்தாள் செண்பகம், பியூட்டி சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள், மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் மாத்திரையைப் பார்த்த அம்மா, கலியாணப் பேச்சு முடியட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினாள். போன வரனில் அந்தப் பையனின் அம்மா, இவள் சிரித்ததும் பல் வரிசை எப்படி என்று எட்டிப் பார்த்தாள். தானமாகக் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நகை போட்டுக் கொடுக்கிற மாட்டைப் பார்க்கலாம் போலிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார்கள். அதற்குத்தான் இந்தச் சுத்தம். ஈறு ஆறவேண்டும் என்று இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்திரம் நின்றது. டாக்டர் கையுறை விரலால் அந்தப் பல்லை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். விளக்குக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. “வெளிப்படையா சொல்றேம்மா. ஈறு மட்டும்தான் நோய்னா சுத்தம் பண்ணிட்டுப் போகலாம். உடம்புக்குள்ள வேற ஏதாவது இருந்து, அதைக் கவனிக்காம விட்டா, எத்தனை தடவை சுத்தம் பண்ணினாலும் திரும்ப வரும். இப்ப இது ஆடுது. அடுத்து பக்கத்துல உள்ளது ஆடும். காரணம் எதுவும் இல்லன்னு சொல்றீங்க, எனக்குப் புரியல.” பக்கத்தில் உள்ளது ஆடும். அதற்குப் பக்கத்தில் உள்ளதும் ஆடும். பல் விழுகிற மாதிரிக் கனவு கண்டால் வீட்டில் சாவு என்பார்கள், அவள் கனவில் பல் கல்யாணப் பெண்ணின் மடியில் விழுகிறது, பெண் எடுத்து இவள் கையிலேயே கொடுக்கிறாள். விழுந்தால் நூலை எதில் கடிக்க? கடைக்கு வாடகை கொடுத்து, நாற்காலி வாங்கி, பெயர்ப்பலகை எழுதி, அப்பா போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததெல்லாம் இந்தப் பல் கடித்து இழுத்த நூலால்தான். சாத்தூர்க்காரன் கட்டுவான் என்று பல்லையெல்லாம் கொடுத்துவிட்டு, பொக்கை வாயோடு போய் அவனுக்குச் சோறு பொங்கவா? அங்கே போயும் மாதாமாதம் பொய்யாய் ஒதுங்கி உட்காரவா? அங்கே யார் மணி அடிப்பார்கள்? அம்மாவும் கூட வருவாளா, கோயில் வாசலில் நின்று, “அவ தூரம்” என்று சொல்ல? இப்போது டாக்டரிடம் உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும்? மாரிச்செல்வி போனில் அக்காளிடம் சொல்லுவாள். அக்கா மாமியாரிடம் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை கார் வராது. அம்மா ஜமுக்காளத்தை விரித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது வலிக்கும். அம்மாவை நினைத்தால் நிஜமாகவே வலித்தது, டாக்டரின் கம்பி குத்தியதைவிட. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் கார் வரும், பல் போகும். நாக்கு மறுபடி அந்தப் பல்லைத் தேடிப் போனது, நடுவில் குழாய் மறித்தது. குழாயைப் பிடித்திருந்த விரலில் மருதாணி. பேசவிடாமல் வாய்க்குள் கிடக்கிறது ஒரு குழாய், வாய்க்கு வெளியே கிடக்கிறது ஒரு ஊர். சீ, இதென்ன பிழைப்பு. செண்பகம் இடது கையைத் தூக்கினாள்.

“வலிக்குதா?” என்று டாக்டர் கையை எடுத்தார். செண்பகம் தானே குழாயை வெளியே எடுத்து மாரிச்செல்வியின் கையில் கொடுத்தாள். எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கிண்ணத்தில் துப்பினாள், கொப்பளித்தாள், மறுபடி துப்பினாள். அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். “ஏத்தா, வேண்டாம்த்தா” என்றாள், காதும் காதும் வைத்த மாதிரி. செண்பகம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என்ன சொல்லப்போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றவள் இல்லையா. “எனக்கு மாசாமாசம் வராது டாக்டர்” என்றாள் செண்பகம். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “அஞ்சு மாசமா வரல. வந்தா நிக்காது. நீர்க்கட்டி இருக்கு, ஸ்கேன் எடுத்திருக்கேன், மாத்திரை எழுதித் தந்தாங்க, திங்கல. தாடி மொளைக்கும், நானே எடுத்துக்கிடுவேன். இந்தப் பக்கம் பாருங்க, இன்னைக்கு ரெண்டு விட்டுப்போச்சு.” மோவாயைத் தூக்கி விளக்குக்கு நேரே காட்டினாள். டாக்டர் எஸ்தர் மாஸ்க்கைக் கீழே இறக்கினார். “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.” “முதல்ல வாயில கம்பி இருந்துச்சு டாக்டர்.” டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு தன் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்து, ரெண்டும் ரெண்டு வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு, உள்ளே ஹார்மோன் தடுமாறினால் ஈறும் சீக்கிரம் வீங்கும், ஈற்றில் புண் தங்கினால் உடம்பும் சீக்கிரம் தேறாது, ரத்தம் பார்க்க வேண்டும், சுகரும் பார்க்க வேண்டும், பெண்கள் டாக்டருக்கு எழுதித் தருகிறேன் என்று நிதானமாகச் சொன்னார். “ரெண்டையும் சேத்துப் பாப்போம். பல்லைக் காப்பாத்திரலாம்னு சத்தியம் பண்ண மாட்டேன், பக்கத்துப் பல்லோட கட்டி நிறுத்தப் பாக்குறேன். ரத்தம் வந்தாலும் மெதுவா பிரஷ் பண்ணணும், விடக் கூடாது. ஆனா நூலை இனிமே பல்லுல கடிக்கக் கூடாது.” “கழுத்துல மாட்டிக்கிடுவேன்” என்றாள் செண்பகம். அப்படி மாட்டி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள், கழுத்து அறுக்கும், பழகிவிடும்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, “போச்சு. எல்லாம் போச்சு” என்றாள், யாரையும் பார்க்காமல். செண்பகத்துக்கு அழுகை வந்தது, அதை விழுங்கிக்கொண்டாள், அதிலும் உப்பும் ரத்தமும் இருந்தது. “ஒண்ணும் போகலம்மா. பீரோச் சாவியை மட்டும் வீட்டுக்குப் போய் எடுத்துக் குடு. இனிமே ஒதுங்கி உக்காந்தா வந்ததுக்குத்தான் உக்காருவேன், வராததுக்கு உக்கார மாட்டேன். வந்ததுக்கும் உக்காரணுமான்னு பெறகு யோசிக்கேன்.” அப்புறம் மாரிச்செல்வியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் குழாயைப் பிடித்தபடி மரமாக நின்றாள், மாஸ்க்குக்கு மேலே கண் ரெண்டும் விரிந்திருந்தது. “அக்கா, நான் வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டேங்க்கா” என்றாள். “சொல்லு தாயி. சொல்லாம இருந்திராத” என்றாள் செண்பகம். “அரைகுறையா மட்டும் சொல்லாத. அவளுக்கு என்னென்ன இருக்குன்னு அவளே வாயைத் தொறந்து சொன்னான்னு முழுசா சொல்லு. அதுக்கு மேல வர்றதுன்னா வரட்டும். ஞாயித்துக்கிழமை நான் கடையிலதான் இருப்பேன், வந்தா அங்க வந்து பாக்கச் சொல்லு.” மாரிச்செல்வி தலையாட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை. அம்மா மெதுவாக மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். செண்பகம் சாய்ந்து படுத்து, விளக்கைத் தானே இழுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தாள்.